ஐந்தரைப் பவுண்டுக் குழந்தைகள்

மைசூரு மண்டி மொகல்லாவில் உள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை ஊரார் மிஷன் ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகிய மூன்றும் பிரசவக் குறிப்புகளில் எழுதப்பட்டு வந்தன. எழுதியவர்களுக்கு அது அன்றாட வேலை. தாயும் சேயும் வீடு திரும்பியதும் அந்தத் தாளுக்கு வேறு பயன் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. ஆனால் தாள்கள் பத்திரமாக இருந்தன.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பணிபுரிந்த மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர், கருவில் போதிய வளர்ச்சி இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு நடுவயதில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்ற கருத்தை முன்வைத்திருந்தார். ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் ஊர்ப் பேறுகாலச் செவிலியர் எழுதி வைத்த பழைய பதிவேடுகளே அவருக்குக் கிடைத்த சான்று. அந்தக் கருத்து ஆங்கிலேயருக்கு மட்டும் பொருந்துவதா? தென்னிந்தியாவில் இதய நோய் பெருகியபோது இந்தக் கேள்வி அவசரமானது. பார்க்கர், கரோலின் ஃபால், குமரன் உள்ளிட்ட குழு மைசூருக்கு வந்தது. 1934-க்கும் 1954-க்கும் இடையில் அந்த மருத்துவமனையில் பிறந்து, இன்னும் அதன் அருகிலேயே வசித்த 517 பேர் 1993 முதல் 1995 வரை பரிசோதிக்கப்பட்டார்கள். முடிவுகள் 1996-ல் 'லான்செட்' இதழில் வெளியாயின.

பிறந்தபோது ஐந்தரைப் பவுண்டோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. ஏழு பவுண்டுக்கு மேல் பிறந்தவர்களிடம் அது 3 விழுக்காடு. குழந்தை ஐந்தரைப் பவுண்டுக்குள் இருந்து, கர்ப்பகாலத்தில் தாயின் எடையும் நூறு பவுண்டுக்குக் கீழே இருந்திருந்தால் 20 விழுக்காடு. இந்தியப் பெண்களின் ஊட்டக் குறைவு அடுத்த தலைமுறையின் இதயத்தில் போய்த் தங்குகிறது என்பதற்கு மைசூரு தந்த இந்தச் சான்று முக்கியமானது. பிறக்கும்போது எழுதிய ஓர் எண் அறுபது ஆண்டு தாங்கியிருக்கிறது என்பதே வியப்புக்குரியது.

ஐந்தரை, ஏழு, நூறு. பவுண்டில் இவை மூன்றும் வாயில் எளிதாக வரும் எண்கள். இவற்றைக் கிலோகிராமுக்கு மாற்றினால் முறையே 2.494758, 3.175147, 45.359237 என்று வரும். ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோகிராம், ஏறக்குறைய அல்ல, துல்லியமாக அவ்வளவே. ஆகவே பெருக்கலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் 2.494758 என்று எழுதினால் அது உண்மைக்கு மாறானது. ஆறு தசம இடம் என்பது ஒரு மில்லிகிராம் வரை தெரியும் என்று சொல்வதற்குச் சமம். 1940-ல் ஒரு பிரசவ அறையில் இருந்த தராசுக்கு மில்லிகிராம் தெரியாது. அழுகிற குழந்தையை ஓர் அவுன்ஸ் அளவுக்குச் சரியாக நிறுத்திருந்தாலே பெரிய காரியம். ஓர் அவுன்ஸ் 28.35 கிராம். அருகிலுள்ள அவுன்ஸுக்கு முழுமையாக்கி எழுதிய எடையில், இந்தப் பக்கம் 14 கிராமும் அந்தப் பக்கம் 14 கிராமும் ஐயத்துக்கு இடம் உண்டு. கால் பவுண்டுக்கு முழுமையாக்கியிருந்தால் அந்த ஐயம் 57 கிராமாக விரியும். அந்தக் குழந்தையை இனி யாரும் மறுபடி நிறுக்க முடியாது. அன்று தராசு எவ்வளவு சொன்னதோ அதற்கு மேல் ஒரு தசமத்தைக்கூடக் கணக்குப்பொறி கூட்டித் தர முடியாது. எனவேதான் ஐந்தரைப் பவுண்டு 2.5 கிலோ என்று எழுதப்படுகிறது.

இந்த 2.5 கிலோவுக்குத் தனி வரலாறும் உண்டு. குறை எடைக் குழந்தைக்கு 2,500 கிராம் என்ற வரம்பை 1919-ல் முன்வைத்தவர் ஃபின்லாந்துக் குழந்தை மருத்துவர் ஆர்வோ யில்ப்போ. உலக சுகாதார நிறுவனம் பின்னர் அதை ஏற்றுக்கொண்டது. முதலில் "2,500 கிராமும் அதற்குக் கீழும்" என்றிருந்த வரையறை 1976-ல் "2,500 கிராமுக்குக் கீழ்" என்று திருத்தப்பட்டது. சொல்லளவில் சிறிய திருத்தம்தான். ஆனால் கிலோ தராசில் நிறுக்கும் கை 2,480-ஐயும் 2,510-ஐயும் வசதியாக 2,500 என்று எழுதிவிடும். அந்த ஒற்றை எண்ணில் குவியும் குழந்தைகள் எல்லோரும் வரம்புக்கு உள்ளே இருப்பதும் வெளியே போவதும் இந்தத் திருத்தத்தில் அடங்கியிருக்கிறது. பவுண்டில் எழுதும் கை ஐந்தரையில் குவிக்கும். ஐந்தரைப் பவுண்டு 2,495 கிராம்; எனவே அந்தக் குவியல் எந்த வரையறைப்படியும் வரம்புக்குள் வந்துவிடும். பவுண்டில் எழுதிய ஊரையும் கிலோவில் எழுதிய ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் எவரும் இந்த ஐந்து கிராமை மறந்துவிடக் கூடாது.

பழைய மருத்துவத் தாள்களில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். 7 பவுண்டு 10 அவுன்ஸ் என்ற குறிப்பைக் கணினியில் ஏற்றுபவர் 7.10 என்று தட்டிவிட்டால் கதை மாறிவிடும். சரியான கணக்கு இப்படி: ஏழு பதினாறு 112, அதோடு 10 சேர்த்தால் 122 அவுன்ஸ், 28.35-ஆல் பெருக்கினால் 3,459 கிராம். 7.10 பவுண்டு என்று எடுத்தால் 3,221 கிராம்தான் வரும். ஒரு புள்ளியில் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் குழந்தை இளைத்துவிடுகிறது. பத்தின் அடுக்குகளில் பழகிய மூளை பதினாறின் அடுக்கில் எழுதியதைப் பார்க்கும்போது செய்யும் தவறு இது. தசம முறையின் அருமை இந்த இடத்தில்தான் விளங்கும்.

தராசு எந்த வகை என்பதும் கணக்கில் வரும். இரு தட்டுத் தராசு நிறையை நிறையோடு ஒப்பிடுகிறது. அதை எங்கே வைத்தாலும் ஒரே விடைதான். சுருள்வில் தராசு ஈர்ப்பு விசையை அளந்து, அதை நிறையாக எழுதிக் காட்டுகிறது. புவி நடுக்கோட்டுக்கு அருகில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கும் மைசூரில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.78; லண்டனில் 9.81. லண்டனில் சரிபார்த்த சுருள்வில் தராசை அப்படியே மைசூருக்குக் கொண்டுவந்து ஐந்தரைப் பவுண்டுக் குழந்தையைத் தொங்கவிட்டால் அது ஏறக்குறைய 8 கிராம் குறைத்துக் காட்டும். பிரசவ அறைக்கு 8 கிராம் பொருட்டில்லை. தங்கக் கடைக்கு அது ஒரு பவுன்.

மைசூரு ஆய்வு நீரிழிவு நோய்க்குப் போனபோது அலகு மாற்றம் இன்னும் நுட்பமானது. 1998-ல் வெளியான முடிவின்படி இங்கே நீரிழிவு அதிகம் கண்டது வெறும் எடை குறைந்த குழந்தைகளிடம் அல்ல. நீளம் குறைந்து, அந்த நீளத்துக்குப் பருமனாகப் பிறந்தவர்களிடம். பருமனை அளக்க எடையை நீளத்தின் கனத்தால் வகுப்பார்கள். பவுண்டைக் கிலோவுக்கும் அங்குலத்தை மீட்டருக்கும் மாற்றிய பிறகே இந்தக் கணக்கு. நீளத்தில் ஒரு விழுக்காடு தவறு நேர்ந்தால் விடையில் மூன்று விழுக்காடு தவறும். எடையைவிட நாடாவின் மேல்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பதை அந்தச் சூத்திரமே சொல்கிறது.

கிலோகிராமும் பவுண்டும் மைசூர் மண்ணுக்கு வந்த கதை ஒரே ஆண்டில் தொடங்குகிறது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தது, திப்பு சுல்தான் போரில் மாண்டார். சரியாக ஏழு வாரம் கழித்து, ஜூன் 22 அன்று, பாரிஸில் பிளாட்டினத்தால் செய்த மீட்டர் கோலும் கிலோகிராம் கல்லும் பிரெஞ்சுக் குடியரசின் ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டன. திப்பு 1787-ல் பதினாறாம் லூயி மன்னரிடம் தூதர்களை அனுப்பியவர். நாணயம், நாட்காட்டி, அளவைகள் எல்லாவற்றையும் மாற்றி அமைப்பதில் தீராத ஆர்வம் கொண்டவர். போர் வேறு மாதிரி முடிந்திருந்தால் மைசூர் எந்த எடைக்கல்லைப் பிடித்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. நடந்தது வேறு. அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே அரசாங்கத் தாளில் இருந்தது பவுண்டு. தமிழ்ச் சந்தையில் அதற்கு ராத்தல் என்று பெயர். 112 ராத்தல் ஓர் அந்தர், 20 அந்தர் ஒரு டன்.

கடைத்தெருவில் பவுண்டுக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. அங்கே ஆட்சி செய்தது சேரும் மணங்கும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது ரூபாய் நாணயம். 1835-க்குப் பின் வந்த வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின். அதுவே ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம். மைசூரிலும் சென்னை மாகாணத்திலும் புழங்கிய கச்சா சேர் 24 தோலா, அதாவது 280 கிராம். நாற்பது சேர் ஒரு மணங்கு: 11.2 கிலோ. மூன்று தோலா ஒரு பலம், 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. சித்த மருந்துக் குறிப்புகளில் பலம் இன்னும் உயிரோடு இருப்பதால் இந்த 35 கிராமைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வங்காளத்திலும் ரயில்வேயிலும் சேர் 80 தோலா, அதாவது 933 கிராம். அங்கேயும் நாற்பது சேர்தான் ஒரு மணங்கு. ஆனால் அந்த மணங்கு 37.3 கிலோ. மைசூர் வியாபாரி மணங்கு என்று சொல்லி எழுதியதை வடக்கே இருப்பவர் தன் மணங்காகப் படித்தால் சரக்கு மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிடும். தசரா ஊர்வலத்தில் சாமுண்டேசுவரி அம்மன் எழுந்தருளும் தங்க அம்பாரியின் எடை 750 கிலோ என்று சொல்லப்படுகிறது. மைசூர்க் கணக்கில் அது 67 மணங்கு, ரயில்வே கணக்கில் 20 மணங்கு. சுதந்திர இந்தியா அளவைகளை ஒன்றாக்க வேண்டும் என்று துடித்ததற்கு இந்த ஓர் உதாரணம் போதும். நாட்டில் இப்படி நூற்றுக்கணக்கான அளவைகள் ஊருக்கு ஊர் மாறிக் கிடந்தன.

1956-ல் நாடாளுமன்றம் எடை, அளவைத் தரச் சட்டத்தை இயற்றியது. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. மக்களின் விரல்கள் முதலில் காசில் பத்துக்குப் பழகின. 1958 அக்டோபரில் தேர்ந்தெடுத்த பகுதிகளில் கிலோ எடைக்கற்கள் வந்தன. சில ஆண்டுகள் பழையதும் புதியதும் கடைகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. 1962 ஏப்ரலுக்குள் எடையில் கிலோ மட்டுமே சட்டப்படி செல்லும் என்ற நிலை வந்தது. பழைய அலகுகளைப் புதியவற்றுக்கு மாற்றும் எண்களையும் சட்டம் தந்திருந்தது. கோடிக்கணக்கான எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் தங்கள் கணக்கு முறையைச் சில ஆண்டுகளுக்குள் மாற்றிக்கொண்டது உலக வரலாற்றில் பெரிய சாதனை. அமெரிக்கா இன்றுவரை அதைச் செய்து முடிக்கவில்லை.

மாற்று எண் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். பவுண்டு ஒரு காலத்தில் தனக்கென்று ஓர் உலோகக் கல்லை வைத்திருந்தது. 1834-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தபோது அந்தக் கல்லும் கெட்டது. பிறகு பிளாட்டினத்தில் புதியது செய்தார்கள். அமெரிக்கப் பவுண்டுக்கும் பிரிட்டிஷ் பவுண்டுக்கும் மயிரிழை வேறுபாடும் இருந்தது. 1959-ல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் கூடிப் பவுண்டை 0.45359237 கிலோகிராம் என்று நிலைநிறுத்தின. அன்றோடு பவுண்டுக்குத் தனி மூலம் இல்லை. அது கிலோகிராமின் ஒரு பின்னம். கிலோகிராமுக்கோ பாரிஸ் அருகே செவ்ரேயில் பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்று இருந்தது. இந்தியாவுக்கு வந்த அதன் 57-ஆம் எண் படி புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 2019 மே 20 முதல் அந்த உருளையும் பதவி இழந்தது. பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணின் மதிப்பை நிலைப்படுத்தி, அதிலிருந்து கிலோகிராமைப் பெறுகிறார்கள். வாஷிங்டனில் விற்கும் ஒரு பவுண்டு வெண்ணெயும் இன்று பிளாங்க் மாறிலியில்தான் போய் நிற்கிறது.

மனக்கணக்குக்கு இந்த எட்டு இலக்கம் தேவையில்லை. கிலோவைப் பவுண்டாக்க இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒன்றைக் கூட்டினால் போதும்: 50 கிலோ, 100, அதோடு 10, ஆக 110 பவுண்டு. உண்மை 110.23. பவுண்டைக் கிலோவாக்கப் பாதியாக்கிப் பத்தில் ஒன்றைக் கழிக்கலாம்: 100 பவுண்டு, 50, அதில் 5 போக 45 கிலோ. உண்மை 45.36. இரண்டும் ஒரே வழிபோலத் தோன்றினாலும் பிழை ஒன்றல்ல. முதலாவதில் ஆயிரத்துக்கு இரண்டு. இரண்டாவதில் ஆயிரத்துக்கு எட்டு. காகிதமும் பேனாவும் கையில் இருந்தால் பாதியாக்கிக் கழிப்பதைவிட 2.2-ஆல் வகுப்பது மேல்.

எந்தப் பவுண்டு, எந்த அவுன்ஸ் என்று கேட்காமல் இந்த வழிகளைப் பயன்படுத்தினால் தங்கத்தில் தவறு நேரும். மளிகைக்கான பவுண்டு 7,000 கிரெயின், 16 அவுன்ஸ். பொன்னுக்கும் வெள்ளிக்கும் உரிய டிராய் பவுண்டு 5,760 கிரெயின், 12 அவுன்ஸ். இதனால் டிராய் பவுண்டு சிறியது, டிராய் அவுன்ஸ் பெரியது: 31.10 கிராம். உலகச் சந்தையில் தங்க விலை இந்த டிராய் அவுன்ஸுக்குத்தான் சொல்லப்படுகிறது. ஒரு தோலா சரியாக அதன் எட்டில் மூன்று பங்கு. பழைய மைசூர் சமஸ்தானத்தின் கோலார் சுரங்கங்கள் 1880-களில் தொடங்கி 2001-ல் மூடப்படும் வரை சுமார் 800 டன் தங்கம் தந்தன. டிராய் அவுன்ஸில் அது 2.57 கோடி. மளிகை அவுன்ஸால் வகுத்தால் 2.82 கோடி என்று வரும். 25 லட்சம் அவுன்ஸ் தங்கம் பூமிக்கு அடியிலிருந்து அல்ல, பிழையான வகுத்தலிலிருந்து முளைத்துவிடும். தமிழர் வீட்டுப் பவுனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பிரிட்டிஷ் தங்க சவரன் நாணயத்தின் எடை 7.988 கிராம், நகைக்கடைக் கணக்கில் அதை 8 கிராமாக முழுமையாக்கிக்கொண்டார்கள். பத்துப் பவுனுக்கு வேறுபாடு 0.12 கிராம்தான். நல்ல முழுமையாக்கலுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

டன்னிலும் மூன்று உண்டு. தசராவுக்கு முன் காட்டு முகாம்களிலிருந்து வரும் யானைகளை மைசூரில் லாரி எடை மேடையில் ஏற்றி நிறுப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. சத்தான தீவனம் கொடுத்துச் சில வாரம் கழித்து மறுபடியும் நிறுக்கிறார்கள். பிறகு முதுகில் மணல் மூட்டைகளைப் படிப்படியாகக் கூட்டி அம்பாரிச் சுமைக்குப் பழக்குகிறார்கள். 2020 முதல் அம்பாரியைச் சுமந்த அபிமன்யுவும் அவருக்கு முன் சுமந்த அர்ஜுனாவும் 5,000 கிலோவைத் தாண்டியவர்கள். ஓர் ஆண் யானை 5,000 கிலோ என்று வைத்துக்கொண்டால் இந்தியப் பத்திரிகைக்கு அது 5 டன். 2,240 பவுண்டு கொண்ட பழைய பிரிட்டிஷ் டன்னில் 4.92. 2,000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன்னில் 5.51. யானைக்கு 15 விழுக்காட்டுச் சுமையே அம்பாரி. அந்தச் சுமையை முடிவு செய்யும் கணக்கில் டன் எது என்ற குழப்பம் பத்து விழுக்காட்டைத் தின்றுவிடும். படகில் ஏற்றி, நீர் மட்டத்தில் கோடிட்டு, கற்களால் யானையை எடை போட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எடை மேடை எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும். கிலோவில் எழுதிவிட்டால் குழப்பத்துக்கே இடமில்லை.

அலகைக் கேட்காமல் பெருக்கியதால் வானில் நேர்ந்தது ஒன்று உண்டு. 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் 143-ஆம் விமானம் மாண்ட்ரியலிலிருந்து எட்மண்டனுக்குக் கிளம்பத் தயாரானது. கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த போயிங் 767 எரிபொருளைக் கிலோவில் கணக்கிடும் புது வகை. தேவை 22,300 கிலோ. எரிபொருள் அளவு காட்டும் கருவி பழுதாகியிருந்ததால் தொட்டியைக் கோலால் அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரை நிறையாக்க 1.77-ஆல் பெருக்கினார்கள். அது ஒரு லிட்டர் எரிபொருள் எத்தனை பவுண்டு என்பதைச் சொல்லும் எண், கிலோவுக்கு 0.8 என்று எடுத்திருக்க வேண்டும். 20,000 லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாக நிரப்பிக் கிளம்பினார்கள். நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்றன. சறுக்கு விமானம் ஓட்டிப் பழகிய கேப்டன் ராபர்ட் பியர்சன் அதை மிதக்க வைத்து, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப் படைத்தள ஓடுதளத்தில் இறக்கினார். அதில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். அன்று பெருக்கலைப் பலர் சரிபார்த்தார்கள், பெருக்கல் சரியாகவே இருந்தது. 1.77-க்குப் பக்கத்தில் அலகு எழுதப்பட்டிருந்தால் முதல் ஆளே பிடித்திருப்பார். மாற்று எண்ணை ஒருபோதும் தனியாக எழுதக் கூடாது என்று பள்ளியில் ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மைசூரைச் சுற்றி இன்று பவுண்டு அன்றாடம் தேவைப்படும் இடம் காபி. மேற்கே குடகு மலையில் விளையும் காபியின் விலை தோட்டக்காரர்களுக்கு 50 கிலோ மூட்டைக்கு ரூபாயில் சொல்லப்படுகிறது. அராபிகா பார்ச்மென்டுக்கு ஒன்று, ரொபஸ்டா செர்ரிக்கு ஒன்று என்று தனித்தனியே. ஆனால் அந்த விலையை ஆட்டுவிக்கும் சந்தைகள் இரண்டும் இரண்டு மொழி பேசுகின்றன. ரொபஸ்டாவுக்கு லண்டன், அங்கே டன்னுக்கு இத்தனை டாலர், அதுவும் 1,000 கிலோ டன். அராபிகாவுக்கு நியூயார்க், அங்கே பவுண்டுக்கு இத்தனை சென்ட். 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா பவுண்டுக்கு 400 சென்டைத் தாண்டியது. செய்தியைப் படித்த தோட்டக்காரர் தன் மூட்டைக்கு அது என்ன என்று அறியச் சில படிகள் ஏற வேண்டும். 50 கிலோவில் 110.23 பவுண்டு. பவுண்டுக்கு 4 டாலர் என்றால் மூட்டைக்கு சுமார் 441 டாலர். அதை அன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்க வேண்டும். நியூயார்க் விலை பதப்படுத்தி முடித்த பச்சைக் காபிக் கொட்டைக்கு. தோட்டத்தில் விற்பதோ மேல் தோடு நீக்காத பார்ச்மென்ட். ஹுன்சூரில் இருப்பதுபோன்ற பதப்படுத்தும் ஆலைகளில் தோடு போன பிறகு மூட்டையின் எடை குறையும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு சந்தைகளையும் ஒப்பிட விரும்புகிறவருக்கு ஓர் எண் போதும்: சென்ட் விலையை 22.046-ஆல் பெருக்கினால் டன்னுக்கு டாலர் விலை வரும். பவுண்டுக்கு 300 சென்ட் என்பது டன்னுக்கு 6,614 டாலர்.

இந்த இடத்தில் 2.2 போதுமா என்ற கேள்வி எழும். ஒரு மூட்டைக்குப் போதும். நியூயார்க்கின் ஓர் அராபிகா ஒப்பந்தம் 37,500 பவுண்டு. அதை 2.2-ஆல் வகுத்தால் 17,045 கிலோ, 0.45359237-ஆல் பெருக்கினால் 17,010 கிலோ. ஒப்பந்தம் பவுண்டில் இருக்க, முதல் கணக்கை நம்பிச் சரக்கு ஏற்றுகிறவர் 35 கிலோ காபியைக் கூடுதலாக அனுப்புவார். பவுண்டுக்கு 3 டாலர் விலையில் அது 230 டாலருக்கு மேல்.